கங்காணிக்கு இடி தெரியாது

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்றபோது விட்டுவிட்டு வந்த கம்பியூட்டர்களை இன்றைக்கு நூதனசாலையில்கூட வாங்கமாட்டார்கள். எந்த இடத்தில் எந்த எண்ணைப் போடுவது என்று நான் சொல்லித்தர வந்தால் நீங்கள் வாய்க்குள் சிரிப்பீர்கள். அதனால் அதெல்லாம் வேண்டாம். ஒரு மனுஷியைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

அவரை எல்லாரும் மாவனல்லை மிஸ் என்றுதான் சொல்வோம். தினமும் மாவனல்லையிலிருந்து பஸ் பிடித்துக் கேகாலைக்கு வருவார். எங்கள் பிராந்திய அலுவலகத்தின் கம்பியூட்டர் பகுதிக்கு அவர்தான் தலைவி. என்னைவிட பத்து வயது இளையவர். இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தட்டுத் தடுமாறிப் படித்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு கம்பியூட்டருக்கு வந்தவன் நான். ஒரு சின்னப் பிள்ளையின் கீழ் வேலை செய்வதா என்று முதல் கிழமை கொஞ்சம் உறுத்தியது. இரண்டாம் கிழமை அது எங்கே போனதென்று தெரியவில்லை.

இது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நடந்தது. எங்கள் கம்பனிக்குக் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தேயிலையும் இறப்பருமாகப் பல தோட்டங்கள். தோட்ட அலுவலகத்தில் இருக்கிற கம்பியூட்டர் எதுவும் நேராக இன்டர்நெட்டுக்குப் போகாது. இடையில் ப்ரொக்சி என்று ஒரு மெஷின் நிற்கும். இவர்கள் கேட்பதை வாங்கிக்கொண்டு வெளியே போய் எடுத்து வந்து கொடுப்பது அதன் வேலை. டெலிபோன் லைன் ஓரளவு நல்லதாக உள்ள தோட்டமாகப் பார்த்து, ஒவ்வொரு மலைக்கும் ஒரு ப்ரொக்சி வைத்திருந்தோம். அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் அதை நம்பியிருக்கும். இந்த ப்ரொக்சிகள் எல்லாவற்றையும் மேய்ப்பதற்குக் கேகாலையில் ஒரு சேவை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. நாங்கள் அதைக் கங்காணி என்றோம்.

பேர் பொருத்தமானதுதான். தோட்டத்தில் காலையில் கங்காணி ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். எங்கள் கங்காணி நாள் முழுக்கப் பெரட்டு எடுத்தது. "இருக்கியா?" என்று ஒவ்வொரு ப்ரொக்சியையும் கேட்டுக்கொண்டே இருக்கும். "இருக்கேன்" என்று பதில் வந்தால் திரையில் அந்தத் தோட்டம் பச்சை. மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் சிவப்பு, பேர் வெட்டு. வெட்டிய பேரைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்றால் கொழும்புத் தலைமை அலுவலகம் அனுமதி தரவேண்டும். அது வருவதற்குள் அந்தி சாய்ந்துவிடும். கிழமைக் கடைசியில் யார் யார் எத்தனை தடவை சிவப்பானார்கள் என்ற அறிக்கையும் தானாகவே கொழும்புக்குப் போய்விடும்.

இதை அமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய எண்களில் பிழை சொல்ல முடியாது. கொழும்பில் ஒரு மெஷின் மூன்று முறை கூப்பிட்டும் பதில் தரவில்லையென்றால் அது செத்துத்தான் போயிருக்கும்.

எங்கள் பக்கம் அப்படியா? சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வரும். முதல் உறுமல் கேட்டவுடன் எங்கள் சப்ரகமுவ மாகாணம் முழுக்க ஒரே வேலைதான் நடக்கும். டீவி வயர், அன்டெனா வயர், டெலிபோன் வயர் எல்லாவற்றையும் கழட்டிச் சுவருக்குத் தூரமாகப் போடுவது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று இந்த ஒரு விஷயத்தில் பேதமே கிடையாது. இடி இடிக்கும்போது வயரைக் கழட்டாதவனைப் பார்த்து, "என்ன, தலை சுகமில்லையா?" என்று கேட்பார்கள். தோட்ட அலுவலகத்திலும் அதுதான். வானம் உறுமினால், கம்பியூட்டரை டெலிபோன் லைனோடு இணைக்கிற மொடத்தின் வயர் கையோடு வந்துவிடும்.

கங்காணிக்கு இது தெரியாது. அது பாட்டுக்குப் பேரை வெட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் ராமையா கிளாக்கர் மாட்டிக்கொண்டார். அரநாயக்கப் பக்கத்து மலையொன்றில் உள்ள தோட்டத்தின் அலுவலகக் கிளாக்கர் அவர். அந்த மலையின் ப்ரொக்சி அவருடைய மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மற்றத் தோட்டங்கள் சிவப்பானதும் கொழும்பிலிருந்து டெலிபோனில் கேட்பார்கள். "லைன் பழுதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி எல்லாரும் தப்பித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் லைன் பழுதாவது அதிசயமா? கொழும்பும் நம்பிவிடும். ராமையாவுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. "நீங்கதானா கழட்டினது?" என்று கேட்டார்கள். "ஆமாங்க, நான்தான் கழட்டினேன்" என்றார்.

ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. மழைக்குக் குடை பிடித்ததற்கு யாராவது காரணம் சொல்வார்களா? அந்த மலையில் பிறந்த மனுஷனுக்கு அது காரணம் கேட்கக்கூடிய விஷயமாகவே படவில்லை.

கொழும்பில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. ராமையாவின் மனைவி கீழ் ரோட்டில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். மத்தியானமானால் கிளாக்கர் மெஷினைக் கட் பண்ணிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார் என்று யாரோ ஊதிவிட்டார்கள். விசாரணை வைக்க முடிவாயிற்று. இனி வயரைக் கழட்டக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவும் வந்தது.

வேலை போனால் ராமையாவுக்கு வேலை மட்டும் போகாது. கிளாக்கர் குவாட்டர்ஸ் அந்த வேலையோடு ஒட்டியது. அவர் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர். அங்கிருந்து படித்து மேலே ஏறி, அம்மாவையும் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்த வீட்டில் கொண்டுவந்து வைத்தவர். அதே தோட்டத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், சாமான் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவது எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும்; நானும் லயத்துப் பிள்ளைதான்.

விசாரணைக்கு எங்கள் பகுதியிலிருந்து ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. "லைனில் பழுதில்லை, மெஷினை அங்கிருப்பவர் துண்டித்திருக்கிறார்" என்று மிஸ் உறுதிப்படுத்த வேண்டும். பிராந்திய மனேஜர் சிங்களவர், நல்ல மனுஷன். ஆனால் கொழும்பிலிருந்து டெலிபோன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். மிஸ்ஸின் மேசைக்கே வந்துவிட்டார். "உள்ளதைத்தானே கேட்கிறார்கள் மிஸ், போட்டுக் கொடுத்துவிடுங்கள். வருஷக் கடைசியில் உங்கள் நியமனமும் புதுப்பிக்க வரப்போகிறது" என்றார். அவர் மிரட்டவில்லை, பயத்தில் சொன்னார். அந்தக் காலத்தில் மிஸ்ஸின் வேலை நிரந்தரமில்லை.

மிஸ் சிங்களத்தில் மரியாதையாகப் பதில் சொன்னார். ஒரு நாள் பொறுக்கச் சொன்னார். மனேஜர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"இதுல எழுதி ஈக்கிறது எல்லாம் சரி. ஆனா இது உண்ம இல்ல. எனக்குக் கையெழுத்து வெக்க ஏலாது."

"மெஷின் சொல்றது தப்பா மிஸ்?" என்றேன்.

"மெஷின் என்ன செல்லுது? பதில் வரல்ல எண்டு செல்லுது. அவ்வளவுதான். என்னத்துக்கு வரல்ல எண்டு அதுக்குத் தெரியா. நமக்கும் தெரியா. தெரியாதத்துக்கு நான் கையெழுத்து வெக்கிறதா?"

உடனே ராமையாவுக்கு டெலிபோன் எடுத்தார். அதுவரைக்கும் அத்தனை பேர் அத்தனை கேள்வி கேட்டிருந்தார்கள். யாரும் கேட்காத கேள்வியை இவர்தான் கேட்டார்.

"கிளாக்கர், என்னத்துக்கு நீங்க அந்த வயரக் கழட்டுறீங்க?"

ராமையா பேசியது எனக்கும் கேட்டது. "என்னங்க மிஸ் இப்படிக் கேக்குறீங்க? இடி இடிக்குதுங்களே! போன தடவ கழட்டாம விட்டு மொடம் கருகிப் போச்சு. அதுக்கும் என்னையத்தான் ஏசினாங்க. கழட்டாம நாங்க என்னங்க செய்யிறது?"

மிஸ் ரிசீவரை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மத்தியான மழையில் நனைந்துகொண்டு பஸ் ஏறுகிற எங்கள் இரண்டு பேருக்கும்கூட இது தோன்றவில்லையே! திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஜன்னல் மறந்து போய்விடுகிறது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மிஸ் கொழும்புக்கு அழைத்து விளக்கினார். அங்கிருந்து வந்த பதிலில் நியாயமில்லாமலும் இல்லை. இடி எல்லாத் தோட்டத்துக்கும்தானே, மற்ற யாரும் கழட்டுவதாகச் சொல்லவில்லையே, இவர் மட்டும் ஏன்?

மற்றவர்களும் கழட்டுகிறார்கள், லைன் பழுதென்று பொய் சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராமையா தப்பித்திருப்பார். நானே மிஸ்ஸிடம் அதைச் சொன்னேன். "சொல்லிருங்க மிஸ், ஒரு ஆளு குடும்பம் தெருவுல நிக்கப் போவுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொன்னா? ஒரு கிளாக்கருக்குப் பதிலா பத்துக் கிளாக்கர்மாருக்கு விசாரண வெப்பாங்க. அவங்க பொய் செல்லுறது என்னத்துக்கு? உண்ம சொன்ன மனுஷனுக்கு என்ன நடக்குது எண்டு பாத்துட்டுத்தானே!"

ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைப் பிடித்துக் கொடுப்பது சுலபம். அவசரத்தில் நம்மில் பலர் அதைத்தான் செய்வோம். அவருக்கு முன்னாலும் அந்த வழி திறந்துதான் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

அதற்குப் பதிலாகக் கொழும்பிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார். விசாரணையைக் கேகாலையில் வைக்க வேண்டாம், அந்தத் தோட்டத்து அலுவலகத்திலேயே வைக்கலாம், மெஷினையும் நேரில் பார்த்துவிடலாம் என்றார். நேரமும் அவரே சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

விசாரணைக்கு வந்த கொழும்பு அதிகாரி கண்டிப்பானவர். முழுக்கை சேர்ட், டை. சாதாரணப் பேச்சுக்கும் ஆங்கிலம்தான். தன்னுடைய புத்தம் புது லெப்டொப்பைக் கொண்டுவந்திருந்தார். லைனைத் தானே பரிசோதிக்கப் போவதாகச் சொல்லி, ராமையாவின் மெஷினிலிருந்து ஒரு வயரை இழுத்து லெப்டொப்பில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் மனேஜர் வியர்வையைத் துடைத்தபடி ஒரு பக்கம். நானும் மிஸ்ஸும் ஒரு பக்கம். ராமையா எதிரில், சலவை செய்த வெள்ளைச் சேர்ட்டோடு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அலுவலக நேரத்தில் லைனைத் துண்டிப்பீர்களா?" என்று கேள்வி. மிஸ் அதைத் தமிழில் சொன்னார்.

"துண்டிப்பேனுங்க" என்றார் ராமையா. அப்போதும் அவருக்குப் பொய் வரவில்லை.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைக் கொண்டுபோய் மடுவக் கொட்டகைக்குள் வைக்கிற சத்தம் கேட்டது. மலைக்குப் பின்னால் முதல் உறுமல்.

ராமையாவின் கை முழங்காலைவிட்டு எழுந்தது. பிறகு தானாகவே கீழே இறங்கியது. கழட்டக்கூடாது என்று உத்தரவு. அந்த மனுஷன் வயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. இரண்டாவது இடி கொஞ்சம் கிட்ட வந்து விழுந்தது. அவர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் ஜன்னலைப் பார்த்தார்.

மூன்றாவது இடி ஜன்னல் கண்ணாடியை ஆட்டியது. கொழும்பு அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, லெப்டொப்பை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வந்ததிலிருந்து பேசிய ஆங்கிலம் எங்கே போனதோ, தொண்டை கிழியச் சிங்களத்தில் கத்தினார்:

"கலவன்ன! வயர் எக்க கலவன்ன!"

கழட்டு, வயரைக் கழட்டு என்று அர்த்தம். அறையில் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. ஆனாலும் ராமையா அசையவில்லை. மிஸ்ஸைத்தான் பார்த்தார்.

"சேர் செல்றாருதானே கிளாக்கர், கழட்டுங்க" என்றார் மிஸ்.

கண் மூடித் திறப்பதற்குள் சுவரிலிருந்த வயர் ராமையாவின் கையில் இருந்தது. அடுத்த நொடி வெட்டிய மின்னலில் அறை முழுக்க வெள்ளையாகி, லைட் போய்விட்டது.

மழை கூரையில் விழுகிற சத்தத்தில் பேச முடியவில்லை. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து டீமேக்கர் பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொடுத்தனுப்பினார். அதிகாரி டையைத் தளர்த்திவிட்டு ஜன்னல் பக்கம் நின்றார். அவரும் இரத்தினபுரிப் பக்கத்து ஊரொன்றில் பிறந்து வளர்ந்தவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இடி இடித்தால் அவருடைய அம்மா கத்துகிற அதே வார்த்தை, அவரை அறியாமல் வந்துவிட்டதாம். கொஞ்ச நேரம் கழித்து மிஸ்ஸின் பக்கம் திரும்பி, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "இப்போது கேகாலைத் திரையில் நானும் சிவப்பா?"

"இன்னும் இல்ல சேர். மூணு தடவ கூப்பிடணும்தானே" என்றார் மிஸ், அதே சிங்களத்தில்.

அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் மனேஜர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கடைசியில் சிரித்தார். ராமையா மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத் துடைப்பது மாதிரிதான் துடைத்தார்.

விசாரணை அதோடு முடிந்தது, ராமையாவின் வேலையும் தப்பியது. திரும்பி வரும் வழியில், மாவனல்லைச் சந்தியில் மிஸ் இறங்குவதற்கு முன் கேட்டேன். "இன்னைக்கு இடி இடிக்கும்னு எப்படி மிஸ் தெரியும்?"

"ஒக்டோபர் மாசம் அரநாயக்கல மத்தியானம் இடிக்காட்டித்தான் அதிசயம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இத்தோடு விட்டிருந்தால் அவர் கெட்டிக்காரி, அவ்வளவுதான். நான் இன்றைக்கும் மலைப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்துத்தான். கொழும்பு அதிகாரி இறங்கி வந்திருந்தார்; மூன்று என்ற எண்ணை முப்பதாக்கிக் கொள்ளுங்கள், அனுமதி தருகிறேன் என்றார். நானாக இருந்தால் அன்றைக்கே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். மிஸ் வேண்டாமென்றார். முப்பதாக்கினால் உண்மையிலேயே செத்துப்போன மெஷினை நாம் எப்போது கண்டுபிடிப்பது? அது வரைக்கும் அதை நம்பியிருக்கிற பக்கத்துத் தோட்டங்கள் சும்மா கிடக்க வேண்டுமா?

"பிழ எண்ணுல இல்ல" என்றார். "கேக்குறத்துக்கு மட்டும் வழி வெச்சி ஈக்கிறோம். அவங்க செல்லுறத்துக்கு வழி வெக்கல்ல."

பிறகு கங்காணியின் அமைப்பைத் திறந்து, பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நிலையைச் சேர்த்தார். ப்ரொக்சி இருக்கிற ஒவ்வொரு தோட்டத்து மெஷினிலும் ஒரு சின்னக் குடையின் படத்தை வைத்தார். தமிழில் எழுதுவதா சிங்களத்தில் எழுதுவதா என்ற பிரச்சினை அதில் இல்லை. வானம் உறுமினால் அந்தக் குடையை ஒரு தடவை அழுத்திவிட்டு வயரைக் கழட்டலாம். கங்காணி உடனே பக்கத்துத் தோட்டங்களை வேறு மலைக்கு மாற்றிவிடும்; பேர் வெட்டாது. திரையில் அந்தத் தோட்டத்துக்கு நேராக ஒரு மஞ்சள் குடை விரியும். வயரைத் திரும்ப மாட்டினால் கொழும்பைக் கேட்காமல் தானாகவே பச்சையாகும். அந்தி வரைக்கும் குடை மடங்காவிட்டால் நாங்கள் டெலிபோன் எடுத்து, சுகமா என்று கேட்போம். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்திலும் லைன் பழுதென்று பொய் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பதில் வராத மெஷினுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் போடுகிற ஒவ்வொரு எண்ணும் அவருடைய வீட்டுக் கதவு வரைக்கும் போகும். அவர் உங்களிடம் ஒன்றைச் சொல்ல நினைத்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு மூன்று வருடங்கள் கழித்து மிஸ் வேலையை விட்டார். கல்யாணமாகிக் கணவரோடு கட்டாருக்குப் போவதாக இருந்தது. பிரியாவிடை, பூமாலை ஒன்றும் வேண்டாமென்று முதலிலேயே எச்சரித்துவிட்டார். அதனால் கடைசி நாளும் மற்ற நாட்களைப் போலவே இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, மேசையிலிருந்த சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்தேன். அரநாயக்கத் தோட்டத்துக்கு நேராக ஒரு மஞ்சள் குடை விரிந்தது.

"மிஸ், அங்க இடி போல."

அவர் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயிலில் கண் கூசியது. திரும்பினால் ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டத்திலும் ஒரு குடை. அதற்குக் கீழே இன்னொன்று. இரத்தினபுரித் தோட்டங்களிலும் ஒவ்வொன்றாக விரிந்து, திரை முழுக்க மஞ்சளாகிவிட்டது.

மிஸ் டெலிபோனை எடுத்து ராமையாவைப் பிடித்தார். "கிளாக்கர், என்ன இது? அங்க இடியா?"

"இல்லீங்க மிஸ், நல்ல வெயிலுங்க" என்றது ராமையாவின் குரல். "நாங்க சொல்றதுக்கு ஒரு வழி வெச்சுக் குடுத்தீங்கல்ல. அதுலதான் சொல்றோம். போயிட்டு வாங்க மிஸ்."

"வேல நேரத்துல எல்லாரும் வயரக் கழட்டினா கொழும்புக்கு யாரு பதில் செல்லுறது? மாட்டுங்க, மாட்டுங்க!" என்று மிஸ் ஏசினார். ஏசிக்கொண்டே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். குடைகள் மடங்கும் வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.